தோணியில் கை காட்டிய பெண்

அக்கா,

பழைய அடாப்டர் சூடேறும்போது ஒரு வாசம் வரும், கருகியும் கருகாத பிளாஸ்டிக் வாசம். போன புதன்கிழமையிலிருந்து என் கடை முழுக்க அந்த வாசம்தான். மேல்தட்டில் துணி சுற்றிக் கிடந்த டீவி கேமை இறக்கி மாட்டியிருக்கிறேன். அயன் பெட்டி திருத்தக் கொண்டு வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பாஸ், உள்ள என்னமோ எரியுது, பாருங்க" என்கிறார்கள். எரியவில்லை, அது அப்படித்தான் என்று சொல்லி அனுப்புகிறேன். ஒரு சாமான் அப்படித்தான் என்று நான் சொல்லிவிட்டால் உக்குவளையில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ரேடியோ திருத்துகிற பாஸ் சொன்னால் சரியாக இருக்கும் என்று போய்விடுவார்கள். நீங்களும் அப்படித்தான் போனீர்கள்.

நீங்கள் இறந்து ஒரு வருடம் ஆகிறது. செத்த வீட்டுக்கு வந்தேன், கருமாதிக்கும் வந்து சாப்பிட்டேன். அன்றைக்கெல்லாம் உங்களிடம் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது, ஆனால் அது என்ன என்று எனக்கே பிடிபடவில்லை. மன்னிப்புக் கேட்கிறேனா, விளக்கம் சொல்கிறேனா, உங்களிடம் ஏதும் கேள்வி கேட்கிறேனா? நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால் எங்கேயாவது விளங்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் குவைத்திலிருந்து வந்து இறங்கிய வருடம் எனக்கு இருபத்தெட்டு வயது. அங்கே ஒரு வீட்டில் நாலு வருட வேலை. தோட்டத்து லயத்தை விட்டு இறங்கி ரோட்டோரம் நீங்கள் கட்டிய வீடு பாதி பூசியும் பாதி பூசாமலும் நின்றது. உங்கள் சூட்கேஸ், செருப்பு, சவர்க்காரப் பெட்டி, கரண்டி எல்லாவற்றிலும் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி இருக்கும். குவைத் வீட்டில் வேலைக்கு நாலு பெண்கள், நாலு நாட்டுக்காரர்கள், சண்டை வரக்கூடாது என்று ஆளுக்கொரு நிறம் வைத்துக்கொண்டோம் என்று சொன்னீர்கள். ஊருக்கு வந்தும் அந்தப் பழக்கம் உங்களை விடவில்லை. புதிதாக வாங்கிய தேங்காய் திருவலைக்கும் புள்ளி வைத்தீர்கள்.

"இங்க யாரு அக்கா உங்க திருவலையத் தூக்கிட்டுப் போகப் போறா?" என்று கேட்டேன்.

"பழகிப் போச்சு தம்பி. புள்ளி இல்லாட்டி என்னுது மாதிரியே தெரிய மாட்டேங்குது."

அப்படிப் புள்ளி வைத்த ஒரு மஞ்சள் டீவி கேம் கேசட்டோடு ஒருநாள் கடைக்கு வந்தீர்கள். தெரிந்த வீட்டு மெஷினில் போட்டுப் பார்த்தால் டீவியில் கோடு கோடாகத்தான் விழுகிறது என்றீர்கள். வாங்கிப் பார்த்தால் என்னிடம் இருந்த அதே பிளேன் கேம். அதே மஞ்சள் கூடு, அதே படம் ஒட்டியிருந்தது. கீழேயிருந்து ஒரு சின்னப் பிளேன் மேலே போய்க்கொண்டே இருக்கும், எதிரில் வருகிறதையெல்லாம் சுட்டு விழுத்த வேண்டும். என்னுடையதைக் கொழும்பில் புறக்கோட்டை நடைபாதையில் வாங்கியிருந்தேன். கடையில் வேலை இல்லாத நேரமெல்லாம் அதுதான். எந்த இடத்தில் எது எந்தப் பக்கமிருந்து வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

"பிள்ளைக்கா அக்கா?" என்றேன். உங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது.

"இல்ல, எனக்குத்தான்" என்றீர்கள், கொஞ்சம் வெட்கத்தோடு.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னீர்கள். குவைத் வீட்டு மேடத்தின் கடைசி மகள், பத்து வயது, இடுப்பில் ஒபரேஷன் செய்து மாதக்கணக்கில் படுக்கை. அண்ணன்மார் ஸ்கூலுக்குப் போய்விடுவார்கள், கூட விளையாட ஆளில்லை. உங்களைக் கூப்பிட்டு உட்கார்த்தி வைத்து, பொத்தான்களைக் காட்டிக் கொடுத்தது அந்தப் பிள்ளை. முதலில் மூன்று நிமிஷத்தில் செத்துப் போனீர்களாம். பிறகு அந்தப் பிள்ளையையே முந்தினீர்களாம்.

"அதுல ஒரு இரகசியம் இருக்கு தம்பி. மூணாவது எடத்துல கடல் வரும்ல? வெளிச்சவீடு வந்ததும் சுடுறத நிப்பாட்டிடணும். ஒரு குண்டு விடக்கூடாது. ஒதுங்கி ஒதுங்கியே போனா ஒரு தோணி வரும். அதுல ஒரு பொம்பள நின்னுக்கிட்டு கை காட்டுவா. 'அது நீதான், ஊருக்குப் போற'ன்னு அந்தப் புள்ள சொல்லும். நான் வர்ற அன்னைக்கு இந்தக் கேசட்டக் கையில வச்சு அழுத்திருச்சு."

நான் சிரித்தேன். அந்தக் கேமில் தோணியும் இல்லை, பெண்ணும் இல்லை, எனக்குத் தெரியாததா என்றேன். நூறு தடவை முடித்திருக்கிறேன் என்றேன். நூறு தடவையும் நான் சுட்டுக்கொண்டேதான் போயிருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா, ஊரில் அந்த நேரத்தில் உங்களைப் பற்றி என்ன பேச்சு இருந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடி வாங்கினேன், பட்டினி கிடந்தேன் என்று நீங்கள் சொல்லியிருந்தால் எல்லாரும் உச்சுக் கொட்டி நம்பியிருப்பார்கள். மேடத்தின் மகளோடு சரிசமமாக உட்கார்ந்து கேம் விளையாடினேன், அந்தப் பிள்ளை என்மேல் உயிராக இருந்தது என்றால் யாரும் நம்பத் தயாராக இல்லை. பெருமைக்குச் சொல்கிறாள் என்றார்கள் சிலர். வேறு எதையோ மறைக்கத்தான் இந்தக் கதை என்றார்கள் சிலர். உங்கள் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது. அந்தத் தோணிப் பெண்ணை ஒரு தடவை கண்ணால் காட்டிவிட்டால் பேச்சு அடங்கிவிடும் என்று நீங்கள் நினைத்தீர்கள். அது எனக்கு விளங்கியிருந்தது. விளங்கிக்கொண்டுதான், "ஞாயித்துக்கெழம வாங்க, துடைச்சு வைக்கிறேன். எல்லாரு முன்னாடியும் காட்டுங்க பாப்போம்" என்றேன்.

சனிக்கிழமை பகல் உங்கள் கேசட்டைக் கழற்றினேன். கழற்றியதுதான் கழற்றினோம், நம்முடையதையும் சேர்த்துத் துடைத்துவிடலாம் என்று என்னுடையதையும் கழற்றினேன். திருகாணிகளைப் பீரிசுத் தட்டில் போட்டேன். பித்தளைக் கால்களை அழிறப்பரால் தேய்த்து, ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்துத் துடைத்துக் காய வைத்தேன். அந்த நேரம் மழை பிடித்துக் கரண்ட் போனது. கதவோரம் வந்த வெளிச்சத்தில் இரண்டையும் திரும்பப் பூட்டினேன். நான்கு திருகாணி, இரண்டு கூடு, உள்ளே இரண்டு சர்க்கியூட் பலகை. பத்து நிமிஷ வேலை. இதைவிடச் சிக்கலான ரேடியோவெல்லாம் இருட்டில் பூட்டியிருக்கிறேன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை நிறைய ஆட்கள். உங்கள் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றார். நீங்கள் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். சிவப்புப் புள்ளி கேசட்டை நானே எல்லாருக்கும் தூக்கிக் காட்டி மாட்டினேன். முதல் இரண்டு இடத்தையும் ஒரு உயிர்கூடப் போகாமல் தாண்டினீர்கள். கடல் வந்தது. நீங்கள் கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்தீர்கள்.

"தம்பி, கடல் பச்சையால்ல இருக்கும்? இது நீலமா இருக்கு."

"டீவி பழசு அக்கா. கலர் அப்படித்தான் காட்டும்" என்றேன்.

நீங்கள் தலையாட்டினீர்கள். வெளிச்சவீடு வந்ததும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டீர்கள். குண்டு மழைக்குள்ளே அந்தச் சின்னப் பிளேன் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. எல்லாரும் மூச்சு விடாமல் பார்த்தோம். ஒரு பாறை வந்தது. இன்னொரு பாறை வந்தது. பிறகு கரை வந்து அந்த இடமே முடிந்துவிட்டது.

"நாலு வருஷம் இவ அங்க வேல செஞ்சாளா, கனவு கண்டாளான்னே தெரியல" என்றார் உங்கள் வீட்டுக்காரர். கடையே சிரித்தது. எல்லாரையும் விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

நீங்கள் மறுபடி ஒரு தடவை விளையாடினீர்கள். மறுபடியும் பாறைதான். அதற்குப் பிறகு நான் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது: "விடுங்க அக்கா. வேற எதையோ பாத்துட்டு இதுன்னு நெனச்சிருப்பீங்க. ஒங்களுக்குத்தான் ஞாபகம் மாறிப்போச்சு." ஆறுதலாகத்தான் சொன்னேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், டீவியைப் பார்த்தீர்கள், கேசட்டைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தீர்கள்.

"அப்படித்தான் போல தம்பி. எனக்குத்தான் மாறிப்போச்சு."

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் என்னை நம்பினீர்கள்.

இதையெல்லாம் நான் மறந்துதான் போயிருந்தேன். போன புதன்கிழமை மாத்தளை டவுனில் பார்மசி வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா, பிரஷர் பார்க்கிற மெஷின் திருத்த வந்தார். நாற்பது தாண்டிய ஆள். மேல்தட்டில் தொங்கிய வயரைப் பார்த்ததும் தன் மெஷினை மறந்துவிட்டு, "பாஸ், அது டீவி கேமா?" என்று கேட்டார். பழைய கேசட்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறாராம். யட்டவத்தையில் ஒரு வீட்டில் ஒன்று, நாலந்தாப் பக்கம் ஒன்று என்று அலைந்திருக்கிறார். என் மஞ்சள் கேசட்டைக் கையில் எடுத்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"இது ரெண்டு விதமா வந்தீக்கி பாஸ். ஜப்பான்ல ஒரு மாதிரி, வெளிநாட்டுக்கு ஒரு மாதிரி. மேலோட்டமாப் பாத்தா ஒண்ணுதான். ஒண்ணுல மூணு உயிரு, மத்ததுல நாலு. ஒண்ணுல வெளிச்சவீட்டு லைட் சுத்தும், மத்ததுல சும்மா நிக்கும். கடல் ஒண்ணுல பச்சை, ஒண்ணுல நீலம்."

கையில் இருந்த ஸ்குரூ டிரைவரை மேசையில் வைத்தேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"பச்சைக் கடல் உள்ளதுல ஒரு விசயம் ஒளிச்சு வெச்சீக்கிறாங்க. சுடாமப் போனா தோணியில ஒரு பொம்பள வந்து கை காட்டும். நீலத்துல அதை எடுத்துட்டாங்க."

"ஏன் எடுத்தாங்க?"

"யாருக்குத் தெரியும்? சுடக்கூடாத ஆள் ஒண்ணு உள்ளுக்கு ஈந்தா பிள்ளைகள் குழம்புமெண்டு நெனச்சாங்களோ என்னமோ."

எது அசல், எது மாற்றியது, குவைத்துக்கு எது போனது, புறக்கோட்டைக்கு எது வந்தது என்று கேள்வி மேல் கேள்வி கேட்டேன். எல்லாம் கலந்துதான் கப்பலேறியது, ஊருக்கு ஊர் கொப்பி அடித்தும் விற்றார்கள், கூட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அவர் போனதும் போட்டுப் பார்த்தேன். என்னுடைய கேசட், அக்கா. புள்ளி இல்லாதது. கடல் பச்சையாக இருந்தது. மூன்று தடவை செத்தேன், கைக்கு இப்போது அந்த வேகம் இல்லை. நாலாவது தடவை வெளிச்சவீட்டைத் தாண்டி விரலை எடுத்தேன். தோணி வந்தது. அதில் ஒரு பெண் எழுந்து நின்று கை காட்டினாள். விரல் நகம் அளவுதான் இருந்தாள். கையை மூன்று தடவை ஆட்டினாள். பிறகு போய்விட்டாள்.

கடையைப் பாதி மூடிவிட்டு உட்கார்ந்தேன். இங்கேதான் எனக்குக் குழப்பம் ஆரம்பிக்கிறது. கூடு மாறியது விளங்குகிறது. அந்த மழை நேரத்தில் உங்கள் பலகையை என் கூட்டிலும் என் பலகையை உங்கள் கூட்டிலும் வைத்துப் பூட்டியிருக்கிறேன். விளங்காதது வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒருநாள் என் கேசட்டைப் போட்டபோது கடல் பச்சையாகத் தெரிந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் டீவியின் கலர் குமிழைத் திருகினேன். எவ்வளவு திருகியும் நீலம் வராமல், டியூப் போய்விட்டது என்று நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கேமையே தொடவில்லை. வேலை கூடிவிட்டது என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் மேல்தட்டில் தூக்கிப் போட்டேனா? எத்தனை தடவை யோசித்தாலும் ஆமென்றும் வருகிறது, இல்லையென்றும் வருகிறது. எனக்குத்தான் ஞாபகம் மாறிப்போச்சோ என்று என்னை நானே கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உக்குவளையில் அந்தக் கேமில் மூன்றாவது இடம் வரை போகத் தெரிந்த ஆள் அன்றைக்கு நான் ஒருவன்தான். நீங்கள் எங்கள் எல்லார் முன்னாலும் ஒரு உயிர் போகாமல் போய்க் காட்டினீர்கள். அதன் பிறகு சுடாமலே, முதல் தடவையிலேயே அந்த இடம் முழுக்கத் தப்பிப் போனீர்கள், அது என்னால் முடியாது. லயத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு அது எங்கிருந்து வந்தது? யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் பழக்காமல் வருமா? சாட்சி எங்கள் கண்முன்னே ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் தோணியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இப்போது பின்னால் திரும்பிப் பார்த்தால் ஒவ்வொன்றாக வருகிறது. மாசித் தேருக்கு மாத்தளைக்குப் போயிருந்தபோது, கூட்டத்தில் ஒரு பிள்ளையைத் தகப்பன் தோளில் வைத்துக்கொண்டு போனார். "அந்தப் புள்ளையும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தீர்கள். பிறகு, "இல்ல, அது வேற புள்ளையோ என்னமோ. சரியா ஞாபகம் இல்ல தம்பி" என்று நிறுத்திக்கொண்டீர்கள். கடைக்கு ஒரு டோர்ச் கொண்டு வந்து தந்தால், "நான் டோர்ச் தந்தேன்னு ஒரு துண்டுல எழுதிக் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தீர்கள். வயதாகிறது என்று நினைத்தேன். அப்போது உங்களுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊரார் சந்தேகப்பட்டதை நீங்கள் தாங்கிக்கொண்டீர்கள். சாமான் தெரிந்தவன் நான் ஒருவன் சொன்னதும் உங்களையே நீங்கள் சந்தேகப்பட ஆரம்பித்தீர்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகள் இப்போது டீச்சர், உங்களுக்குத் தெரியும். நீங்கள் இருந்த அறையில்தான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அம்மாவின் பழைய கேசட் ஒன்று இருக்குமா என்று கேட்டேன். அலுமாரியின் அடித்தட்டில் பாஸ்போர்ட்டோடு சேர்த்துச் சுற்றி வைத்திருந்தீர்கள். திருகாணியைக் கழற்றினேன். பலகையின் ஓரத்துக் கால் ஒன்றில் திரண்டு போன ஈயம் இருந்தது. என் கேசட்டின் கால் ஒருமுறை கழன்றபோது நான் அவசரத்தில் உருக்கிப் பற்ற வைத்த ஈயம். வேலை பழகிய எவனுக்கும் தன் ஈயத்தைப் பார்த்தால் தெரியும். உங்கள் கூட்டுக்குள் இத்தனை வருடமும் என் பலகை இருந்திருக்கிறது.

கொண்டு போன டீவி கேமை உங்கள் டீவியில் மாட்டி, புள்ளி இல்லாத மற்றக் கேசட்டைப் போட்டேன். பச்சைக் கடல் வந்தது. உங்கள் மகள் சிவப்புப் பேனையைக் கையில் வைத்தபடியே பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு தடவை செத்து மூன்றாவது தடவை தோணி வந்தது.

"அட! யாரு மாமா அது? கை காட்டுது."

"உங்கம்மா காட்டுறேன்னு சொன்னது இதத்தான் மகள்" என்றேன். "குவைத்துல கண்டுபிடிச்சது."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாமா பகிடி விடுகிறார் என்று நினைத்திருப்பாள்.

"அம்மாவா? அம்மாவுக்கு கேம் எல்லாம் தெரியாதே மாமா. நான் சின்னதுல வெளையாடக் கூப்பிட்டா, 'அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாதும்மா, தெரிஞ்ச மாதிரி சும்மா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்'னு எந்திரிச்சுப் போயிருவாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா. மழை, கரண்ட் போனது, புதுச் சேலை, நான் சிரித்தது, கலர் குமிழைத் திருகியது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு, "அந்தப் புள்ள பேரு என்ன மாமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் பேரைச் சொன்னீர்களா, நான்தான் கேட்காமல் விட்டேனா? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இப்போது அதைக் கேட்க ஊரில் ஆளில்லை.

பச்சைக் கடல் கேசட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன், விளையாடவும் காட்டிக் கொடுத்தேன். உங்களைப் போல அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. நீலக் கடல்தான் இப்போது கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாறை வருகிறது, இன்னொரு பாறை வருகிறது, கரை வருகிறது. உங்கள் வீட்டிலிருந்து நான் கொண்டு வந்தது அதுவும், உங்கள் மகளிடம் நீங்கள் சொன்ன அந்த "தெரியாதும்மா"வும்தான். அந்தச் சொல் உங்களுடையது இல்லை, அக்கா. நான் சொல்லிக் கொடுத்தது.